மூலைக்குப் போன ராணி

கச்சிராயபாளையத்து டிரைவர் பாவாடையைச் சர்க்கரை ஆலையின் கரும்பு யார்டில் தெரியாதவர் இல்லை. அரவைக் காலத்தில் டிராக்டர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு நாள் கணக்கில் வரிசையில் நிற்கும். நிற்கிற நேரத்தில் டிரைவர்கள் பானெட்டின் மேல் செஸ் அட்டையை விரிப்பார்கள். மனசிருந்தால் டோக்கனையும் பந்தயம் வைக்கலாம். பின்னால் நிற்பவர் ஜெயித்தால் முன்னிடம் அவருக்கு. தோற்றால், எதிராளியின் அடுத்த லோடை அவர்தான் இழுத்துக் கொடுக்க வேண்டும்.

பாவாடை தோற்று யாரும் பார்த்ததில்லை. வீட்டில் போனோடு ஆடித் தினமும் தோற்பது அவனுக்கு மட்டும் தெரியும். ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து யார்டுக்கு ஒரு பாடமே வைத்திருந்தான்.

"மாஸ்டருங்க கண்ணு நல்ல மூவைத்தான்டா தேடும். அசிங்கமா இருக்கறத திரும்பிப் பார்க்காது. மிஷினுக்கு அழகு, அசிங்கம் ஒண்ணும் கெடையாது. எல்லாத்தையும் பார்த்துகினே இருக்கும்."

"எங்க மாமியார் மாதிரின்னு சொல்லுண்ணே," என்றான் இன்னொரு டிரைவர் அஜித்குமார்.

அந்த வெயில் நாளில் பாவாடை முப்பத்தொன்றாம் டோக்கன். கரும்பு வெட்டி இரண்டு நாளாகி, தோகை சுருண்டு, எடை இறங்கிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் டோக்கன் அமிர்தத்துடையது. ஐம்பது வயதுப் பெண், சொந்த டிராக்டரைத் தானே ஓட்டி வருபவர். பள்ளியில் மகள் படித்து வந்த செஸ்ஸைப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவர். இருவரும் டோக்கனை வைத்தார்கள்.

இருபதாவது மூவில் பாவாடைக்கு வேர்த்துவிட்டது. அவன் குதிரை மாட்டியிருந்தது; அமிர்தத்தின் யானை ராஜாவுக்கு நேராக நின்றது. சுற்றிலும் ஆட்கள். கரும்பு காய்வதைக்கூடப் பொறுத்திருப்பான்; அத்தனை பேர் பார்க்கத் தோற்பதைத்தான் அவனால் நினைக்க முடியவில்லை.

"தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்க்கா."

டிரெய்லருக்குப் பின்னால் போய், காய்களைப் போனில் அப்படியே அடுக்கினான். குதிரையைக் காப்பாற்றாதே, ராணியை மூலைக்கு இழு என்றது போன். ஏன் என்று பார்க்க அவனுக்குப் பொறுமையில்லை. வந்து, அப்படியே வைத்தான்.

அமிர்தம் வெகுநேரம் பலகையைப் பார்த்தார். குதிரையை வெட்டவில்லை. யானையைப் பின்னுக்கு இழுத்தார். அதற்கப்புறம் ஆட்டம் பாவாடையின் கைக்கு வந்துவிட்டது. அவனே ஆடி ஜெயித்தான். விசில் பறந்தது. வண்டிகளும் இடம் மாறின.

அமிர்தம் அட்டையோடு அவன் வண்டிக்கே வந்து, அந்த மூவின்போது இருந்தபடி காய்களை மறுபடி அடுக்கினார். "எப்படிப்பா பார்த்த அத? மாஸ்டருங்ககூட வுட்டுடுவாங்கன்னு நீ சொல்ற மூவாச்சே."

அவன் சிரிக்கப் பார்த்தான்.

"சரி, நான் அந்தக் குதிரைய வெட்டியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

பாவாடை பலகையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்றும் தெரியவில்லை.

"எனக்கும் தெரியல," என்றார் அமிர்தம். "ஆனா பாவாடை சும்மா வுட மாட்டான், அடியில எதுனா வச்சிருப்பான்னுதான் தொடல."

பலகையைப் பார்த்து அவர் பயப்படவில்லை, அவனை நம்பியிருக்கிறார். பத்தொன்பதாம் டோக்கனை எடுத்து நீட்டினான். "நீங்களே முன்னால போங்கக்கா. நான் மெதுவா போய்க்கிறேன்."

"இன்னா பிச்சையா போடற? ஜெயிச்சவன்தான் போகணும்."

சொல்லாமல் கொடுக்க வழியில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"தண்ணி குடிக்கப் போகலக்கா. போனுல பார்த்தேன்."

அமிர்தம் காய்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். முப்பத்தொன்றைத் திருப்பிக் கொடுத்து, தன் டோக்கனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, வண்டியை எடுக்கப் போனார்.

பாவாடை வண்டியை வரிசையிலிருந்து வெளியே எடுத்துப் பின்னால் திருப்பினான். இருபதாம் இடத்தில் அஜித்குமார் எட்டிப் பார்த்தான்.

"இன்னாண்ணே, ஜெயிச்சிட்டு பின்னால போறியே?"

இன்ஜின் சத்தத்தில் கேட்காது என்று பாவாடை வண்டியை அணைத்தான். "போனைப் பார்த்து ஆடனேன்டா."

மாமியார், மிஷின் என்று எதையாவது சொல்லி அவன் சிரித்துவிட்டால் தேவலை என்றிருந்தது. அஜித்குமார் சிரிக்கவில்லை. இறங்கி வந்து, வழியில் கிடந்த கரும்புக் கழியை மட்டும் ஓரமாக எடுத்துப் போட்டான்.

இன்னும் பத்து வண்டிகளைக் கடக்க வேண்டியிருந்தது. அடுத்த வண்டிக்காரர் ஏற்கனவே எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.