செலீனா அக்காவும் முடிவு அழிந்த ரஷ்யப் படமும்

செலீனா அக்கா இப்போது டோஸ்ட்ருப்பில் மகளோடு இருக்கிறார். எனக்கோ சனிக்கிழமை வந்தால் டென்மார்க்கின் இன்னொரு மூலையில், இக்காஸ்டில் இருந்த அவருடைய பழைய வீடுதான் நினைவு. மன்னார்க்காரி, தையல் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெசின். அவர் வீட்டில் கூடிச் செபமாலை சொல்லுவோம். முடிந்ததும் தேத்தண்ணீர் வரும், பிறகு கதை வரும். ஆண்டவர் மன்னிக்க வேண்டும், கதைக்காகவே போனவர்களில் நானும் ஒருத்தி.

ஒருமுறை ஏதோ ஒரு பழைய ரஷ்ய நாவலை இரண்டு பாகப் படமாகத் தொலைக்காட்சியில் போட்டார்கள். வேலையிடத்து டெனிஷ்காரர்களே கேள்விப்படாத படம். அடியில் ஓடும் டெனிஷ் எழுத்து எங்கள் வாசிப்புக்கு நிற்காது. அக்கா அதைக் கசெற்றில் பதிந்து, வரிக்கு வரி நிப்பாட்டி, அகராதி பார்த்து வாசிப்பார். போருக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் கதை.

“அவன் திரும்பி வருவானோ அக்கா?” என்று எங்களோடு செபமாலைக்கு வரும் தவமலர் அவசரப்படுவாள்.

“பொறடி. நான் இன்னும் முதல் கசெற்றிலதான் நிக்கிறன். உனக்காக அவன் ரஷ்யாவில இருந்து ஓடியே வாறது?”

அது 2009 மே மாதம். வன்னியில் சண்டை முடியப்போகிறது என்றார்கள். அக்காவின் தம்பி நிக்கலஸ் குடும்பத்தோடு உள்ளே அகப்பட்டிருந்தான். மூன்று மாதமாக ஒரு தகவலும் இல்லை. ஒருநாள் மாலைச் செய்தியில் சனம் நீரேரியைக் கடப்பதைக் காட்ட, அக்கா கைக்கு அகப்பட்ட கசெற்றைப் போட்டுப் பதிந்துவிட்டார். அது படத்தின் இரண்டாம் பாகம் இருந்த கசெற்; கதையின் முடிவு அழிந்துபோனது.

அந்தச் சனிக்கிழமை செய்தியைத்தான் நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்தோம். கழுத்தளவு தண்ணீரில், தோளில் பிள்ளையோடு ஒருவன்.

“இவன்தான்! பாருங்கோ, நிக்கலஸின்ர காது.”

முகமே தெளிவில்லை. தவமலர் வாயைத் திறக்க, நான் அவள் காலை மிதித்தேன்.

“ஓம் அக்கா, அவர்தான்,” என்றேன். பொய்தான். முழுச் செபமாலையையும் அவனுக்காகச் சொன்னோம்.

யூன் மாதம் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து தொலைபேசி வந்தது. நிக்கலஸ்! அக்கா அழுதழுது சிரித்தார்.

“நீ தண்ணிக்குள்ளால வந்ததை ரீவியில கண்டனான்ரா!”

“அது நானில்லை அக்கா. நாங்கள் அதுக்கு முதலே தரையால வந்திட்டம். இங்க போன் கிடைக்கேல்லை.”

தவமலருக்குப் பெரிய ஆறுதல். “அப்பாடா. இனி அந்தக் கசெற்றை எறியுங்கோ அக்கா.”

அக்காவோ, “அப்ப அந்தப் பிள்ளையோட வந்தவன் கரையேறினவனோ?” என்று கேட்டார்.

அவரே முதலில் செபமாலையை எடுத்து முழங்காலில் இருந்தார், நாங்களும் இருந்தோம்.