ஒற்றைக்கண் தளபதியின் குழம்பு

சிக்கந்தர் அண்ணனுக்கு இரண்டு கண்ணும் நன்றாகவே தெரியும். ஆனாலும் 1997-ஆம் ஆண்டில், தினமும் பிற்பகல் மூன்று மணி முதல் நான்கு மணி வரை அவர் ஒற்றைக்கண் தளபதியாக இருந்தார். அதற்குச் சாட்சி நான், கமால். பினாங்கில் சூலியா தெருவுக்குப் பின்சந்தில், அவருடைய நாசி கண்டார் கடைக்கு நேர் மேல்மாடியில், ஆறு கம்ப்யூட்டர்களை வைத்து, மணிக்கு மூன்று ரிங்கிட், எங்கள் பேச்சில் மூன்று வெள்ளி, வாங்கிக்கொண்டு சைபர் கஃபே நடத்திக்கொண்டிருந்தேன்.

நாசி கண்டார் என்றால் சும்மா சோறு போடுவது இல்லை. வந்தவன் வாய் திறக்குமுன் அவன் தட்டில் நாலு குழம்பை அளவாகக் கலந்து ஊற்றத் தெரிய வேண்டும். அண்ணன் கையில் அவருடைய வாப்பா கரண்டியைக் கொடுத்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. நாற்பத்தேழிலும் அது கீழே இறங்கவில்லை. கல்யாண வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால்கூட, "வாங்கண்ணே, சால்னாவைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று சமையல்கட்டுக்கு இழுத்துப் போவார்கள். ஒரு மணி நேரமாவது வேறு ஆளாக இருக்க வேண்டும் என்று மனுஷன் தவித்துப்போயிருந்தார்.

அந்தத் தவிப்புக்கு நான்தான் வழி காட்டினேன். இணையத்தில் 'கருங்கல் கோட்டை' என்றோர் அரட்டை அறை. எந்தெந்த ஊர்க்காரர்களோ சூனியக்காரி, மாவீரன் என்று பெயர் வைத்துக்கொண்டு, தாங்கள் பேசுவதையும் செய்வதையும் ஆங்கிலத்தில் தட்டி அனுப்புவார்கள். அண்ணன் அங்கே ஒற்றைக்கண் தளபதி ஆனார். அவர் தமிழில் சொல்வார், நான் தட்டுவேன். ஆறே மாதத்தில் தளபதி மூன்று போர்களை வென்றார். படி இறங்கும்போதுகூட நெஞ்சு நிமிர்ந்திருக்கும்.

அந்த நேரத்தில் கோட்டையின் அரசர், பரீட்சை வந்துவிட்டது என்று சொல்லிப் போய்விட்டார். புது அரசரை ஓட்டுப் போட்டு எடுக்க முடிவானது. போட்டியில் இரண்டே பேர்: நம் தளபதியும் வெள்ளிவாள் வீரன் என்ற ஒருவனும். ஓட்டுக்கு முன் ஆளுக்கொரு விருந்து வைக்க வேண்டும். அண்ணன் அன்று சட்டையை மாற்றிக்கொண்டே மாடி ஏறினார். யாரும் பார்க்கப் போவதில்லை என்று நான் சொல்லவில்லை.

வெள்ளிவாள் வீரன் காட்டில் ஒரு மானை வீழ்த்தி, சுட்டு, எல்லாரையும் சாப்பிட அழைத்தான். எல்லாரும் சாப்பிட்டார்கள். தளபதி மட்டும் உட்காரவில்லை.

"பிஸ்மி சொல்லி அறுத்தானான்னு கேளு தம்பி."

"அண்ணே, அது வெறும் எழுத்துதான்லா. மான் எங்க இருக்கு?"

"எழுத்தோ என்னமோ, நம்ம வாய்க்குள்ளதானே போகுது. கேளு."

கேட்டேன். கோட்டையே குழம்பிப்போனது. உடனே அண்ணன், "வாளைக் கீழ வச்சாச்சுன்னு போடு. அடுப்பைப் பத்த வச்சாச்சு" என்றார். அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. கோழிக் குழம்பு, மீன் குழம்பு, வெண்டைக்காய். ஆள் ஆளாகக் கேட்டுக் கேட்டு ஊற்றினார். சூனியக்காரி குழம்பு கொஞ்சம் போதும் என்றாள். "சோறு முங்கணும். கொஞ்சமா ஊத்துற பழக்கம் நம்மகிட்ட இல்லை" என்று தட்டச் சொன்னார். பாதிப் பேர் இரண்டாம் தட்டு கேட்டார்கள்.

ஓட்டு எண்ணினார்கள். வெள்ளிவாள் வீரன் அரசனானான். ஒற்றைக்கண் தளபதியை ஏகமனதாக அரண்மனைச் சமையல்காரராக நியமித்தார்கள்.

அண்ணன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "இங்க இருவத்தெட்டு வருஷம் கரண்டி. அங்கயும் கரண்டியா தம்பி?" என்றார். எனக்கு மானையும் வீரனையும் சேர்த்து அடுப்பில் வைக்கலாம் என்றிருந்தது.

"தட்டு. கடைசியா ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன்" என்றார். தட்டினேன். நான் தளபதி இல்லை. என் பேர் சிக்கந்தர். பினாங்கில் சோற்றுக்கடை வைத்திருக்கிறேன். கரண்டி பிடித்துப் பிடித்து மழை நாளில் மணிக்கட்டு வலிக்கும். பெருநாளன்றும் என் சட்டையில் குழம்பு வாசம் போகாது. ஒரு மணி நேரம் அந்த ஆளாக இல்லாமல் இருக்கத்தான் இங்கே வந்தேன்.

அதை அனுப்பியதும் அண்ணன் எழுந்துவிட்டார்.

அப்புறம் சூனியக்காரி எழுதினாள்: "இந்த மணிக்கட்டு வலியை எப்படி யோசித்தீர்கள்?" புது அரசன் எழுதினான்: "இந்தக் கோட்டையில் இதுவரை வந்ததிலேயே சிறந்த கதாபாத்திரம். என் கிரீடத்தைவிட நன்றாக இருக்கிறது." பெருநாள் சட்டையிலும் குழம்பு வாசம் என்பது மட்டும் கொஞ்சம் மிகை என்று ஒருவன் குறை சொன்னான். நாளைக்கும் இதே ஆளாகவே வர வேண்டும் என்று வரிசையாகக் கேட்டார்கள்.

அண்ணன் அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். சட்டைக் கையை மெல்ல முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அன்றைக்கு ஐந்தரை வரை எழவில்லை.

கீழே கல்லாவில் அவர் மனைவி ஹாஜரா அக்கா காத்திருந்தார். "இன்னிக்கு ராஜா ஆயிடுவேன்னீங்களே, ஆயிட்டீங்களா?"

"இல்லை. நாசி கண்டார் கடைக்காரனா இருந்தேன். எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அதுக்குக் கமாலுக்கு வெள்ளி வேற குடுத்தீங்களா?"