வாய்க்கால் ஒடுங்கும் இடம்

சின்ன வயதில் எனக்கு வாய் நீளம். அதனால் வீட்டுக்கு வந்த வினையை இன்றுவரை நான்தான் சுமக்கிறேன்.

நகரிக்கு மேற்கே எங்கள் ஊர் ஏரிக்கு என் நைனாதான் நீர்க்கட்டி, தண்ணீர் திறந்து அடைப்பவர். மதகைத் திருகும் இரும்புச் சாவி அவர் தோளில் இருக்கும். அதற்காக அறுப்புக்கு அறுப்பு களத்தில் அளந்து போடும் தானியம்தான் எங்கள் சோறு. மதகைத் தாண்டியதும் வாய்க்கால் இரண்டு கருங்கற்களுக்கு நடுவே ஒடுங்கி, சரிவில் வேகமாக இறங்கும். கல்லுக்கு மேலே ஊரார் தண்ணீர் மொள்ளுவார்கள். கீழேதான் சேரிக்காரர்களான நாங்கள். திறந்துவிடுவது நைனா கை என்பதில் மட்டும் யாருக்கும் தீட்டில்லை.

அன்று காலை கல்லுக்குக் கீழே காலை விட்டு அளைந்துகொண்டிருந்தேன். மேலே குடத்தோடு நின்ற கிராம முன்சீப் வீட்டம்மா, என் கால் பட்ட தண்ணீர் குடம்வரை வந்துவிட்டதென்று கூச்சல் போட்டாள். முன்சீப் ஓடி வந்தார், ஊர் கூடியது. சித்தூரிலிருந்து வந்து அங்கே குச்சியால் ஆழம் பார்த்துக்கொண்டிருந்த ஓவர்சியரும் நிமிர்ந்தார்.

"ஏமிரா, பொட்டப் புள்ளய இப்டித்தான் வளத்துக்கினு இருக்கிறியா?" என்றார் முன்சீப், மதகிலிருந்து இறங்கி வந்த நைனாவிடம்.

காலில் விழுந்திருந்தால் அதோடு போயிருக்கும். நைனாவோ மூன்று கூழாங்கற்களைப் பொறுக்கித் தரையில் வைத்து, ஓவர்சியரை எடுத்துப் போடச் சொன்னார். மேலே மெதுவாக ஓடும் தண்ணீரில் போட்டதும் வளையம் மதகுப் பக்கமாக ஏறிப் போனது. கருங்கற்களுக்கு நடுவே போட்டபோது அதன் மேல்விளிம்பு ஏற முடியாமல் அங்கேயே நின்றது. கீழே போட்டபோது மொத்தமும் அடித்துக்கொண்டு போனது.

"கீழ இன்னா பண்ணாலும் மேல ஏறாது சாமி. நீங்களே பாத்துக்கினுதான கீறீங்க."

ஓவர்சியர் தலையாட்டினார். "வாஸ்தவந்தான். அதனாலதான் இங்க அளக்கறேன். கீழ நடக்கறது எதுவும் இந்த ஆழத்த மாத்தாது."

முன்சீப் வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நைனா முன்சீப்பின் வாயை அடைத்த கதையைச் சேரி முழுக்கவும், பிறகு சந்தையிலும் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் முன்சீப் வீடுவரை ஏறிவிட்டது.

மறுவாரம் தலையாரி வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனான். நைனா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா உலைக்கு எடுத்த கேழ்வரகு மாவில் பாதியைத் திரும்பப் பானையில் கொட்டினாள்.

இனி நைனா விடியுமுன் ஏரிக்கு ஓட வேண்டாம், பகலெல்லாம் என்னோடுதான் இருப்பார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். குதித்துக்கொண்டு போய் அவர் மடியில் உட்கார்ந்தேன். அவர் என்னைத் தள்ளிவிடவில்லை.