ஐந்து ஏன்களும் ஒரு வாஷ்பேசின் குழாயும்

எங்கள் குளியலறை வாஷ்பேசின் குழாயில் தண்ணீர் திடீரென்று நூலாக இளைத்துவிட்டது. வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி போட்டேன்: தண்ணீர் சரியாக வரவில்லை, தொட்டியில் ஏதாவது கோளாறா? வேறு ஊராக இருந்தால் பிளம்பர் வந்திருப்பார். ஆலைகள் நிறைந்த ஓசூர் என்பதால் கூட்டம் போட்டார்கள்.

ராயக்கோட்டை சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் கட்டடம். தரைத்தளத்தில் வீட்டுக்காரர். இதே மண்ணில் தக்காளி போட்டவர், இப்போது எங்களைப் போட்டிருக்கிறார். மனைவியிடம் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். முதல் தளத்தில் நானும் மனைவியும். இரண்டாம் தளத்தில் கார் உதிரிபாக ஆலை ஒன்றின் தர மேலாளர். மூன்றாம் தளத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அக்காளும் தங்கையும். இருவருக்கும் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஷிஃப்ட் வேலை. கல்யாணமாகாத, ராத்திரியில் வேலைக்குப் போகிற பெண்களுக்கு வீடில்லை என்று தெருத்தெருவாகத் திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தவர்கள்.

ஞாயிறு காலை மொட்டை மாடியில் கூட்டம் என்று தர மேலாளர் அறிவித்தார். சார்ட் பேப்பர், வண்ணப் பேனாக்கள் எல்லாம் தயாராக இருந்தன. ஆலையில் செய்வதுபோலவே பாதுகாப்பு அறிவுரையுடன் தொடங்கினார்: மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. அது தனிப் பிரச்சினை, இன்றைய கூட்டத்தில் வராது என்றார்.

பிறகு முறையை விளக்கினார். எந்தக் குறைக்கும் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்டால் மூல காரணம் தானாக வெளியே வந்துவிடுமாம். குழாயில் ஏன் தண்ணீர் குறைந்தது? அழுத்தம் போதவில்லை. ஏன் போதவில்லை? கீழே வருவதற்குள் மேலேயே யாரோ இழுத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது கேள்வி ‘ஏன்’ ஆக இல்லாமல் ‘யார்’ ஆக மாறிவிட்டதைக் கவனித்தேன். வீட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டிருந்தார். யார் இழுக்கிறார்கள்? மேலே வாஷிங் மெஷின் வைத்திருப்பவர்கள். ஏன் கண்ட நேரத்தில் துவைக்கிறார்கள்? ஷிஃப்ட். ஏன் ஷிஃப்ட்? அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை என்று சிவப்புப் பேனாவை எடுத்து ‘மூன்றாம் தளம்’ என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

அக்காள், தங்கை இருவரும் கூட்டத்தில் இல்லை. வேலைக்குப் போயிருந்தார்கள். அதுவும் அவர்களுக்கு எதிரான சாட்சியமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

சமையலறைக் குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். நல்ல பாயின்ட் என்று பாராட்டி, சார்ட்டின் மூலையில் எழுதி அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டார். கட்டத்துக்குள் போன விஷயம் அதோடு முடிந்தது என்பதை நான் பல அலுவலகக் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன்.

அன்று மாலையே வீட்டுக்காரர் அந்தப் பெண்களிடம் மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார். இது நியாயமா என்று நான் கேட்டதற்கு அமைதியாகப் பதில் சொன்னார்.

“படம் போட்டுக் காட்டிட்டாரு சார். அதுக்கு மேல நான் இன்னா சொல்றது?”

சற்று நேரத்தில் அக்காள் எங்கள் கதவைத் தட்டினாள். ஆலைச் சீருடையைக்கூட மாற்றியிருக்கவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“அண்ணாச்சி, அந்தக் கொழாய ஒரு தடவ பாத்துக்கிடட்டுமா? எதுக்காக வீட்டக் காலி பண்ணுதோம்னு எங்களுக்கும் தெரியணும்லா.”

கூட்டத்தில் இருந்த யாரும் அந்தக் குழாயைப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேலாளர் பார்க்கவில்லை. வீட்டுக்காரரும் பார்க்கவில்லை. குழாயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆராய்ந்திருந்தோம்.

அவள் வாஷ்பேசின் குழாயைத் திறந்தாள். நூல் விழுந்தது. பக்கத்திலிருந்த ஷவரைத் திறந்தாள். சீருடையின் கை நனைந்துவிட்டது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரே சுவரில் இருக்கிற ரெண்டில் ஒன்றை மட்டும் மேலே இருந்து இழுக்கிற மெஷின் எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்டாள்.

என் மனைவி ஈரத்துணியைச் சுற்றிக் குழாயின் நுனியைப் பிடித்துத் திருகினாள். இரண்டு முறை வழுக்கிய பிறகு நுனி கழன்றது. உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சல்லடை. போர்வெல் தண்ணீரின் உப்பு கொஞ்சம், மணல் கொஞ்சம். மிச்சமெல்லாம் குழாய் இணைப்புகளில் கசியாமல் இருக்கச் சுற்றும் டெஃப்லான் டேப்பின், வெள்ளை வெள்ளையாகச் சுருண்ட துணுக்குகள். சல்லடை இல்லாமல் குழாயைத் திறந்தோம். தண்ணீர் கண்ணாடி வரை தெறித்தது.

அந்த டேப் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் தொட்டியிலிருந்து எங்கள் தளத்துக்கு இறங்கும் குழாயில் கேட் வால்வை மாற்றியிருந்தார்கள். பிளம்பர்களை நம்ப முடியாது என்று தர மேலாளரே ஸ்பேனரும் கையுமாக நின்று செய்த வேலை அது. கசியவே கூடாது என்று டேப்பைக் கல்யாண மாலை கணக்காகச் சுற்றினார். படம் எடுத்துக் குழுவிலும் போட்டார். நாங்கள் எல்லோரும் கைதட்டும் பொம்மை அனுப்பினோம்.

துணுக்குகளை ஒரு சாஸரில் போட்டுக்கொண்டு மூவரும் கீழே இறங்கினோம். மேலாளர் வீட்டுக்காரருடன் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். சாஸரைப் பார்த்தார். நெடுநேரம் பார்க்கவில்லை.

“இது உடனடிக் காரணம் சார். மூல காரணம் வேற.”

“அப்ப இன்னொரு ஏன் கேளுங்க சார்,” என்றாள் அக்காள். “ஆறாவது. சல்லடைக்குள்ள ஏன் டேப்பு வந்துச்சு?”

மேலாளர் காபியைக் குடித்தார். முறையில் ஐந்துதான் இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால்கூட நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். வீட்டுக்காரர் சாஸரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு துணுக்கை நகத்தால் பிரித்தார். மனைவியைக் கூப்பிட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னார், அந்த அம்மாள் உள்ளேயிருந்து சிரித்தார். பிறகு அக்காளிடம் திரும்பி, இருங்கம்மா, எங்கயும் போக வேணாம் என்று முடித்துக்கொண்டார். மன்னிப்பு என்ற வகையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சாஸரை மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

மறுநாள் குழுவில் மேலாளரின் அறிக்கை வந்தது. பிரச்சினை: தீர்ந்தது. காரணம்: அந்நியப் பொருள். இனி நடக்காமல் இருக்க எல்லா வீட்டுச் சல்லடைகளையும் மாதந்தோறும் கழற்றிக் கழுவ வேண்டும். பொறுப்பு: மூன்றாம் தளம், தொட்டிக்கு அருகில் இருப்பதால்.

அக்காளிடமிருந்து ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது. அடுத்த நிமிடம் மேலே வாஷிங் மெஷின் ஓடத் தொடங்கியது. நான் போய் வாஷ்பேசின் குழாயைத் திறந்தேன். சட்டை நனைந்தது.