கடைசி வாங்கில் ஒரு பாடவேளை

"என்ர மகள் எந்த இடத்தில இருக்கிறவள் எண்டு ஒருக்காக் காட்டுங்கோ ரீச்சர்."

பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, பத்தாம் தர வகுப்பறை வாசலில் நின்று அந்தத் தாய் கேட்டார். என்னால் கைநீட்டிக் காட்ட முடியவில்லை. கிளிநொச்சி நகரத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்க வந்து எனக்கு அப்போது இரண்டாவது வருடம். அந்த வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நானே. முப்பத்தைந்து பேருக்கென்று கட்டிய அறையில் ஐம்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். மூன்று பேர் இருக்கவேண்டிய வாங்கில் ஐந்து பேர். எழுதும்போது ஒருவரின் முழங்கை மற்றவரின் கொப்பியில் இருக்கும். அந்தப் பிள்ளையின் கையெழுத்து எனக்குத் தெரியும். தவணைப் பரீட்சையில் இருபத்தெட்டுப் புள்ளி போட்டதும் நான்தான். முகம் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு நடு வரிசையைக் காட்டினேன்.

"இல்லை ரீச்சர். அவள் அந்தக் கடைசி யன்னலுக்குப் பக்கத்தில இருக்கிறவள். எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமோ எண்டுதான் கேட்டனான்."

எனக்கு முதலில் வந்தது கோபம். நாற்பது நிமிடப் பாடத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது என்று இவருக்கு யார் சொல்வது? இப்படி நான்கு வகுப்புகள் எனக்கு. ஒரு வகுப்பின் கொப்பிகளைத் திருத்தி முடிப்பதற்குள் அடுத்த வகுப்பின் கட்டு மேசைக்கு வந்துவிடும். அதையெல்லாம் படபடவென்று சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முரசுமோட்டைக்கு அப்பால் ஒரு சிறு கிராமத்தில் கணவரோடு சேர்ந்து வயல் செய்கிறவர். ஒன்பதாம் வகுப்போடு இடப்பெயர்வு அவருடைய படிப்பை நிறுத்திவிட்டது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாததால் மகளைச் சைக்கிளில் ஏற்றி நகரத்துக்கு அனுப்புகிறவர். நான் சொல்லி முடித்ததும், "அப்ப ஒரு பாடத்துக்கு நான் அவளுக்குப் பக்கத்தில இருந்து பாக்கட்டோ?" என்றார். வரட்டும், என் கஷ்டத்தைக் கண்ணால் பார்க்கட்டும் என்ற பிடிவாதத்தில்தான் சம்மதித்தேன். பாடசாலை அதிபரிடம் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளைக்கு, மடிப்புக் கலையாத சேலையில், புதுக் கொப்பியும் பேனையுமாக வந்தார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மகள் வெட்கத்தில் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். அன்று ஒருங்கமை சமன்பாடுகள். இவருக்குக் காட்டவேண்டும் என்பதற்காகவே வழக்கத்தைவிடச் சத்தமாக, ஒழுங்காக, ஒவ்வொரு படியையும் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தேன். நன்றாகப் படிப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். மணி அடித்ததும் அவர் கொப்பியை விரித்து என் முன்னால் வைத்தார்.

எந்தச் சமன்பாட்டுக்கும் இடப்பக்கம் இல்லை. யன்னல் வெளிச்சம் பட்டு, பலகையின் அந்தப் பாதி கடைசி வாங்கிலிருந்து பார்த்தால் வெறும் பளபளப்புத்தானாம். தெரிந்ததை மட்டும் எழுதியிருந்தார். நடுநடுவே என்னுடைய சொற்கள். அவையும் முழுமையாக இல்லை. இரண்டு சமன்பாடுகளுக்கு நடுவில் 'குளங்களைக் கட்டுவித்தான்' என்று ஒரு வரி இருந்தது. பக்கத்து வகுப்பைப் பிரிக்கும் மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நடந்த வரலாற்றுப் பாடம் என் குரலைவிடத் தெளிவாக அவருக்குக் கேட்டிருக்கிறது.

"உங்களில பிழை சொல்லேல்லை ரீச்சர். நீங்கள் நல்லாத்தான் படிப்பிக்கிறியள். அங்க வந்து சேர்றது இவ்வளவுதான்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "அஞ்சு பேர் நெரிஞ்சு இருக்கிற வாங்கில எனக்கு எப்பிடி இடம் கிடைச்சதெண்டு யோசிச்சனீங்களோ?"

யோசிக்கவில்லை. அந்த வாங்கில் ஒரு பிள்ளை மூன்று கிழமையாக வரவில்லை. என் வரவு இடாப்பில் அவள் தினமும் வந்திருந்தாள். பெயரைக் கூப்பிட்டால் யாரோ ஒருத்தி "ஓம் ரீச்சர்" என்றிருக்கிறாள். ஐம்பத்தெட்டுக் குரல்களில் அது யாருடையது என்று நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்று பின்னேரமே அவளுடைய வீட்டுக்குப் போனேன். தையல் கடையொன்றில் பொத்தான் தைக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சீருடையைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டாள். எவ்வளவு கெஞ்சியும் திரும்பி வர மறுத்தாள். கோபமாகப் பேசவில்லை. "நான் வராதது உங்களுக்குத் தெரியாதெண்டு நினைச்சன் ரீச்சர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் அந்தத் தாயைக் கூப்பிட்டு, வகுப்பை இரண்டாகப் பிரிக்கப் போகிறேன் என்றேன். "ஆரிட்டக் கேக்கவேணும்?" என்றார். "கேட்டால் விடமாட்டினம்" என்றேன். "அப்ப கேக்காதேங்கோ" என்றார். பிள்ளைகளில் ஒரு பாதி, அறையில் என்னிடம் பாடம் படிக்கும். மறுபாதி சைக்கிள் கொட்டகையில் பயிற்சி செய்யும். அடுத்த நாள் மாறும். ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு தடவை படிப்பித்ததில் பாடத்திட்டம் பிந்தியது; அதை ஈடுசெய்யக் காலை ஆறரைக்கே வந்து படிப்பித்தேன். தகப்பன்மார் கொட்டகையைக் கழுவி, ஒரு பழைய கரும்பலகையைக் கட்டித் தந்தார்கள். நாளுக்கொரு தாய் அங்கே காவல் இருந்தார். யாருக்கு எந்த நாள் என்று பட்டியல் எழுதி, வராத தாய்மாரை வீடு தேடிப் போய்க் கூட்டிவந்ததெல்லாம் முரசுமோட்டைத் தாய்தான். அதிபர் என்னைக் கூப்பிட்டு, "நான் இண்டையில இருந்து கொட்டகைப் பக்கம் வரமாட்டன். வந்தால் எனக்குத் தெரிஞ்சுபோயிடும்" என்றார். அவரால் முடிந்த உதவி அதுதான். இரண்டு மாதத்துக்குள் அந்த வகுப்பில் இருந்த எல்லோருடைய முகமும் பெயரும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன. யாருக்குப் பின்னம் வராது, யாருக்குக் கண்ணாடி வேண்டும், யார் விளங்காமலே தலையாட்டுகிறார் என்பதும் தெரிந்தது.

பிறகு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். வலயம் முழுவதையும் எடுத்துப் பார்த்தால் ஆசிரியருக்கு இத்தனை பிள்ளைகள் என்ற சராசரி சரியாகவே இருக்கிறது, கிராமத்துப் பாடசாலைகள் வெறுமையாகக் கிடக்க எல்லோரும் நகரத்துக்கு வந்து நெரிந்தால் யார் என்ன செய்வது என்றார். அன்று காவல் முறை முரசுமோட்டைத் தாயுடையது. கொட்டகை வாசலில் எழுந்து நின்றார்.

"ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணித ரீச்சரைத் தாங்கோ சேர். நாளைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறன்."

"அம்மா, நீங்கள் வெளியாள். உங்களோட நான் இதைக் கதைக்க ஏலாது."

"நானோ வெளியாள்? பிள்ளை என்ர. அவள் இருக்கிற வாங்கு உடைஞ்சு கிடக்கேக்க என்ர மனுசன்தான் ஆணி அடிச்சவர்." அவருடைய குரல் உயரவே இல்லை. "சராசரி எண்டு சொன்னீங்கள். அந்தச் சராசரியில என்ர மகள் எந்த வாங்கில இருக்கிறாள் எண்டு காட்டுங்கோ சேர். நான் வாயை மூடிக்கொண்டு போறன்."

கொட்டகையில் இருந்த பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி கையிலிருந்த கடிதக் கோவையை மூடினார்.

ஒரு கிழமையில் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது: யாருடைய அனுமதியுடன் வகுப்பைப் பிரித்தீர்? மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதினால் போதும் என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். நான் நான்கு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதி, அதற்கு எதிரே அந்தப் பிள்ளைக்குக் கணிதத்தில் எது விளங்கவில்லை என்று எழுதினேன். கடைசியாகப் பொத்தான் தைக்கப் போனவளின் பெயர். அதற்கு எதிரே, 'இவருக்கு எது விளங்கவில்லை என்று அறிந்துகொள்ள எனக்குச் சந்தர்ப்பம் தரப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வருட முடிவில் இடமாற்றம் வந்தது, மாங்குளத்துக்கும் உள்ளே ஒரு பாடசாலைக்கு. அதே மாதம் அந்த வகுப்பைப் பதினொன்று 'அ', 'ஆ' என்று முறையாகப் பிரித்து, இன்னொரு கணித ஆசிரியரையும் நியமித்தார்கள். நாங்கள் கேட்டதைக் கொடுத்தார்கள்; கேட்டவளை அனுப்பிவிட்டார்கள். பஸ் ஏறிய அன்று அழுதேன், ஆனால் வருந்தவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் அந்த மகள் கணிதத்தில் திறமைச் சித்தி எடுத்தாள். சித்தியடையாதவர்களும் இருந்தார்கள். தையல் கடைக்குப் போனவள் பரீட்சை எழுதவே இல்லை.

நல்ல ஆசிரியர் நூறு பேருக்கும் படிப்பிப்பார் என்று இப்போதும் கூட்டங்களில் சொல்கிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. முன்பென்றால் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன். இப்போது எழுந்து நின்று சொல்கிறேன்: நான் நல்ல ஆசிரியை, ஐம்பத்தெட்டுப் பேருக்கு என்னால் படிப்பிக்க முடியவில்லை, உங்களாலும் முடியாது. சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

போன மாதம் அந்தத் தாய் தொலைபேசியில் கதைத்தார். கடைசி மகன் அதே பாடசாலையில் ஆறாம் தரத்துக்குப் போயிருக்கிறான். வகுப்பில் ஐம்பத்தொரு பேராம். அதிபரும் புதியவர், அனுமதியின்றிப் பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்று கேற்றில் அறிவித்தல் போட்டிருக்கிறாராம்.

"அப்ப என்னக்கா செய்யப் போறீங்கள்?" என்று கேட்டேன்.

"அறிவித்தலை வாசிச்சனான். எழுத்து வடிவாத்தான் இருக்கு" என்று சிரித்தார். "திங்கட்கிழமை நாங்கள் பதினொரு பேர் போறம்."