மொதல்ல எழுத்தா காட்டுங்க

யார் எந்தப் புரோகிராமை அனுப்பினாலும் கம்சலா அதை உடனே ஓட விடுவதில்லை. பிரவுசரில் வெறும் எழுத்தாகத் திறந்து, முதல் வரியிலிருந்து படிக்கிறாள். உதடுகள் அசைகின்றன. பிடிக்காத வரி வந்தால் நகத்தால் திரையைச் சுரண்டுகிறாள். "வெளிய பூவும் பொட்டுமாத்தான் வரும். உள்ள என்னா இருக்குன்னு பாக்கணும்ல?"

பதுளைக் கடைவீதியில், புடவைக் கடைக்கு மேல் அவளுக்கு ஓர் அறை. தெமோதரை, ஹல்துமுல்லைப் பக்கம் சுற்றுலாக்காரர்களுக்கு அறை விடுகிறவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறாள். கம்ப்யூட்டர் கேமராவின் மேல் ஒட்டுப்பொட்டு. யாராவது டீ வாங்கி வந்தால் குடிக்க மாட்டாள். கதவு தட்டினால் முதலில் திரை அணையும், பிறகுதான் "வாங்க."

தன்னையும் மற்றவர்கள் அப்படியே சோதிக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் தான் எழுதிய புரோகிராமை டெக்ஸ்ட் கோப்பாகப் பிரதியெடுத்து இணையத்திலேயே வைத்துவிடுவாள். திறந்தால் ஓடாது, வரிவரியாக அப்படியே தெரியும். "எங்கிட்ட ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. வேணும்னா படிச்சுப் பாருங்க." யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

தெமோதரையில் ரயில் பாதையோரம் அறை விடும் கிருஷ்ணராஜ் ஒரு நாள் படியேறி வந்தார். அவளிடம் ஒரு நோட்டீஸ் அடித்து வாங்க நானும் அங்கே காத்திருந்தேன்.

"தங்கச்சி, வெப்சைட்டுல என் போன் நம்பரே இல்ல. வேற எவன் நம்பரோ இருக்கு. ரூம் கேட்டு ஒரு கோலும் வர்றதில்ல. யாருக்காச்சும் வித்துட்டீங்களா?"

அவள் கண் நேராக ரமேஸிடம் போனது. அந்த அறையின் மூலையில் மேசை போட்டு போன் பழுது பார்ப்பவன் அவன்.

"பாஸ்வேர்ட் தெரியாம இத மாத்த முடியாது. இந்த ரூம்ல இருக்கிறது ரெண்டு பேருதான்."

"எனக்கு எதுக்குங்கக்கா இதெல்லாம்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

மறுநாளே ரமேஸின் மேசை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டது. கம்சலா நம்பரைச் சரிசெய்து, பாஸ்வேர்டை மாற்றி, வழக்கம்போலப் புதுப் பிரதியையும் இணையத்தில் ஏற்றினாள்.

சில நாள்தான். அதே அந்நிய நம்பர் வெப்சைட்டில் மறுபடி வந்தது. இம்முறை கிருஷ்ணராஜ் உட்காரவில்லை.

"இப்ப யாரச் சொல்லப் போறீங்க?" அவளுடைய டெக்ஸ்ட் பக்கத்தைத் தன் போனில் திறந்து நீட்டினார். "படிங்கன்னு சொன்னீங்களே. எனக்கு ஒரு மண்ணும் வெளங்கல. நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

வாங்கிப் படித்தாள். உதடுகள் பாதியில் நின்றன. புதிதாக வைத்த பாஸ்வேர்ட், எழுத்து மாறாமல், வரிகளுக்கு நடுவே கிடந்தது. எந்த ஊரிலிருந்தும் யாரும் எடுத்துக்கொண்டிருக்கலாம். பழைய பாஸ்வேர்டும் இப்படித்தான் போயிருக்கும்.

"நானேதான் தூக்கிக் குடுத்திருக்கேன்," என்றாள் மெதுவாக. அங்கேயே உட்கார்ந்து எல்லாப் பிரதிகளையும் அழித்தாள். எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

அன்று சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ரமேஸின் மேசை முன்னால் நின்றிருந்தாள். அவன் நிமிராமலே, "என்னா பழுது?" என்றான்.

கம்சலா தன் போனை எடுத்து, லொக்கைத் திறந்து, அவன் கையருகே வைத்தாள். வைத்துவிட்டு, பஸ்கள் வரும் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.