மணிக்கட்டில் வந்த அழைப்பு

சேரப்பணஞ்சேரி ஜாஸ்மினுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. ஒரகடத்தில் செல்போன் செய்யும் தொழிற்சாலையில், ஒவ்வொரு போனையும் உள்ளங்கையில் வைத்து அது சரியாக அதிர்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை.

பிரசவ விடுப்பில் வீட்டில் இருந்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது. மகள் அழுவது தெரியாமல் போய்விடுமோ என்று தொட்டிலை விட்டு நகரவே மாட்டாள். அவள் குளிக்கப் போவதற்குக்கூடக் கணவன் ஜோயல் ஷிப்ட் முடிந்து வர வேண்டும்.

ஒருநாள் அவன் ஒரு வாட்ச் வாங்கி வந்து அவள் கையில் கட்டினான். தன் பழைய போனைத் தொட்டிலருகே வைத்தான். அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி நிதானமாகச் சொன்னான்.

“பாப்பா அழுதா போனுக்குக் கேக்கும். வாட்ச் உன் கையில அதிரும். நீ எங்க வோணா போ.”

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் காலை தயங்கித் தயங்கித்தான் மாடிக்குத் துணி காயப்போடப் போனாள். இரண்டாவது புடவையை உதறும்போது மணிக்கட்டு அதிர்ந்தது. ஈரப் புடவையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். குழந்தை முகம் சிவக்க அழுதுகொண்டிருந்தது.

வாரி எடுத்தவள் தானும் அழுதாள். அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஜோயல் பதறிப்போனான்.

“இன்னா ஆச்சு?”

“பாப்பா என்னக் கூப்ட்டா,” என்று விரல்களால் சொன்னாள் ஜாஸ்மின். “எனக்குக் கேட்டுச்சு.”